முதல் பாகத்துக்கு அழுகிறார்கள், இரண்டாம் பாகத்துக்குத் திட்டுகிறார்கள்

'தி டிராகன் ரிபப்ளிக்' நாவலை எடுத்துப் போகிறவர்கள் யாரும் அதைச் சும்மா வைத்துவிட்டுப் போவதில்லை. மேசைக்கு முன்னால் நின்று ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் நகர்கிறார்கள். முதல் பாகமான 'தி பாப்பி வார்' திரும்பி வரும்போது இப்படி இருக்காது. "அக்கா, அந்த இருபத்தொன்றாம் அத்தியாயம் இருக்கே..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். இரண்டாம் பாகத்துக்கோ வாய் ஓயாது. அதில் பெரும்பகுதி வசவு. யாருக்கு வசவு என்றால், எதிரிக்கு இல்லை, கதாநாயகி ரின்னுக்கு.

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் வைத்திருக்கிறேன். குடும்ப நாவல்களும் துப்பறியும் கதைகளும்தான் வாடகை கட்டுகின்றன. ஆங்கில ஃபேண்டசி அலமாரி கல்லூரிப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வைத்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு கோடு போட்ட தாளை ஒட்டிவிடுவேன். படித்தவர்கள் மனதில் பட்டதை எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை. பல புத்தகங்களில் அந்தத் தாள் வெள்ளையாகவே கிடக்கிறது. இந்தப் புத்தகத்துக்கு முதல் தாள் நிறைந்து, மேலே இன்னொன்று ஒட்டியாயிற்று. ஒருவர் எழுதியதற்குக் கீழே அடுத்தவர் அம்புக்குறி போட்டுப் பதில் எழுதியிருக்கிறார். பச்சை மையில் ஒருவர் "இதைப் படித்தபின் ரின்னை மன்னிக்கிறவர்கள் எனக்கு நண்பர்கள் இல்லை" என்று எழுத, கீழே பென்சிலில் "அப்போ நான் இல்லை" என்று பதில். அந்தத் தாளையும் மேசைக்கு முன்னால் நடந்த பேச்சையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கென்று ஒரு கட்சியும் இருக்கிறது. நான் ரின் பக்கம் இல்லை, ஆனால் புத்தகத்தின் பக்கம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். எழுதியவர் ஆர். எஃப். குவாங். 1996-ல் சீனாவின் குவாங்சோவில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போய் வளர்ந்தவர். 19 வயதில் சீனாவில் தங்கியிருந்தபோது இந்தக் கதையைத் தொடங்கினார். முதல் பாகம் 2018 மே மாதம் வெளியானபோது அவருக்கு 22 நிறையவில்லை. இரண்டாம் பாகம் 2019-ல் வந்தது. கடைசிப் பாகமான 'தி பர்னிங் காட்' 2020-ல் வந்தது. புது எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருது 2020-ல் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு இந்த மூன்று பாகத் தொடர் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தது.

கதை நிகான் என்ற பேரரசில் நடக்கிறது. பன்னிரண்டு மாகாணங்கள், சீன ராசி மிருகங்களின் பெயரில். தெற்கே, சேவல் மாகாணத்தின் டிக்கனி என்ற ஊரில், அபின் விற்கும் வீட்டில் வளர்கிற அநாதைப் பெண் ரின். கறுப்பு நிறம், ஏழை. நாடு முழுக்க நடக்கும் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கி, சினிகார்ட் ராணுவக் கல்லூரிக்குப் போகிறாள். அங்கே தனக்குள் ஒரு தெய்வத்தை இறக்கும் வித்தை இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். ஃபீனிக்ஸ், நெருப்பின் தெய்வம். கிழக்கே இருக்கும் முகென் தீவு நாடு படையெடுத்து வருகிறது, கோலின் நீஸ் நகரத்தில் படுகொலை நடக்கிறது. பதிலுக்கு ரின் தெய்வத்தை அழைத்து அந்தத் தீவையே எரித்துவிடுகிறாள். குழந்தை குட்டிகளோடு. முதல் பாகம் அங்கே முடிகிறது.

இதற்குப் பின்னால் இருக்கும் நிஜத்தை மறைக்க ஆசிரியர் பெரிதாக முயலவில்லை. முகென் ஜப்பான். கோலின் நீஸ், 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை புகுந்த நான்ஜிங். 'பாப்பி' என்பது கசகசாச் செடி, அதாவது அபின். ரின் போகும் பாதைக்கு மாசேதுங்கின் வாழ்க்கைதான் அடிப்படை என்று குவாங்கே சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் இரண்டாம் பாகத்தின் மேல் வரும் பாதிக் கோபம் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். ஆனால் யார் முன்னுரை பார்த்துவிட்டு நாவல் படிக்கிறார்கள்?

இரண்டாம் பாகம் திறக்கும்போது ரின் வெற்றி பெற்ற வீராங்கனையாக இல்லை. அபினுக்கு அடிமை. எரித்த தீவு கண்ணை மூடினால் வருகிறது, அதனால் புகைக்கிறாள். தங்களுக்குள் தெய்வத்தை இறக்கிச் சண்டை போடுகிறவர்களின் சிக்கே என்ற சிறு குழுவுக்குத் தலைவி, ஆனால் தலைமை தாங்கத் தெரியவில்லை. ஒரு கடற்கொள்ளை ராணியிடம் கூலிக்குக் கொலை செய்கிறாள். நாட்டைக் காட்டிக்கொடுத்த பேரரசி சு தாஜியைக் கொல்வது ஒன்றுதான் குறி. அந்தக் குறிக்காக வைஸ்ரா என்ற பிரபுவிடம் போய்ச் சேர்கிறாள். டிராகன் மாகாணத்தை ஆள்கிறவர் அவர். பேரரசை ஒழித்துக் குடியரசு அமைக்கப் போகிறேன் என்கிறார். பேச்சு சுத்தம், உடை சுத்தம், கப்பல்கள் அதைவிடச் சுத்தம். படிக்கிற நமக்கு முதல் சந்திப்பிலேயே இந்த ஆள் சரியில்லை என்று தோன்றிவிடுகிறது. ரின்னுக்குத் தோன்றுவதில்லை.

இங்கேதான் சண்டை.

"எத்தனை தடவைதான் ஏமாறுவா அக்கா?" தாளில் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இதுதான். முதல் பாகத்தில் சிக்கேயின் அப்போதைய தலைவன் ஆல்டன் சொன்னதைக் கேட்டாள். இப்போது கொள்ளை ராணி சொன்னதைக் கேட்கிறாள், அப்புறம் வைஸ்ரா. நடுவில் யார் கொஞ்சம் உரக்கப் பேசினாலும் அவர்கள் பின்னால் போகிறாள். கல்லூரியில் உத்தி வகுப்பில் அத்தனை புத்திசாலியாக இருந்த பெண்ணுக்கு மூளை எங்கே போனது என்று கேட்கிறார்கள். ஒரு பொறியியல் மாணவன், நல்ல பிள்ளை, பாதியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவளுக்கு எப்பவும் ஒரு பாஸ் வேணும் ஆன்ட்டி, எனக்கு வெறுத்துப்போச்சு" என்றான்.

குற்றச்சாட்டாகச் சொன்னான். ஆனால் புத்தகம் எழுதப்பட்டதே அதைச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாட்டையே எரித்த பெண் தன் கையால் இன்னொரு முடிவு எடுக்கப் பயப்படுகிறாள். யாராவது உத்தரவு போட்டால், செய்தது தான் இல்லை, உத்தரவு போட்டவர் என்று ஆகிவிடும். வைஸ்ரா அவளுக்குக் கொடுப்பது சம்பளமும் பதவியும் இல்லை, இந்த வசதியைத்தான். முதல் நூறு பக்கங்களுக்குப் பிறகு இதைக் கவனித்துக்கொண்டே படித்தால், அவள் தலையாட்டும் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரி தெரியும். எரிச்சல் போகாது. எரிச்சலோடு பயமும் சேரும்.

இதை அழகாகப் பிடித்தவள் ஒரு நர்சிங் மாணவி. கப்பலில் வைத்து ரின்னை அபினை நிறுத்த வைக்கிற பகுதி இருக்கிறதே, அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாக டிக் அடித்திருந்தாள். புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று நான் போர்டே வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். கேட்டதற்கு, வார்டில் போதை நிறுத்தும் நோயாளிகளிடம் பார்த்தது எதெல்லாம் இதில் வருகிறதோ அதற்கு டிக் என்றாள். உடம்பு திரும்பிய பிறகும் ஒரு மாதிரி யாரையாவது பிடித்துக்கொண்டே நடப்பார்களே, ரின் புத்தகம் முழுக்க அப்படித்தான் இருக்கிறாள், அதனால் எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை என்றாள். எழுபது வயதுக்காரர் எழுதிய விமர்சனத்தில்கூட இந்தத் தெளிவை நான் பார்த்ததில்லை.

கோபப்படுகிற இன்னொரு கூட்டம் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். முதல் பாகத்தில் இவர்களைப் பிடித்தது போர் இல்லை, தேர்வு. ராத்திரி முழுக்கப் படித்து, தூக்கம் வராமல் இருக்கக் கையில் மெழுகு உருக்கி ஊற்றிக்கொண்டு, அரசாங்க நுழைவுத் தேர்வில் மாநிலமே அசரும்படி மார்க் வாங்குகிற கிராமத்துப் பெண். கோச்சிங் சென்டருக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கு இது பிடிக்காது? கல்லூரிக்குள் நடக்கும் போட்டி, பணக்காரப் பிள்ளைகளின் கிண்டல், விசித்திரமான வாத்தியார், எல்லாம் இவர்களுக்குத் தங்கள் கதை. இரண்டாம் பாகத்தில் பள்ளிக்கூடம் இல்லை. கூடப் படித்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உடைந்து. கோலின் நீஸில் சிக்கி உயிர் பிழைத்த வெங்கா இப்போது வில்லாளி. முதல் பாகத்தில் திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணாக வந்தவள். அவளும் ரின்னும் மெல்ல மெல்லப் பேசத் தொடங்குகிற இடங்கள் இந்தப் புத்தகத்தின் நல்ல பக்கங்களில் சேர்த்தி. "ஸ்கூல் இல்ல, போர்" என்று தாளில் எழுதியிருக்கும் தம்பி இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருக்க மாட்டான்.

இதற்கு நேர் எதிர்க்கட்சி, ராணுவத்தில் சப்ளை பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அவர் ஃபேண்டசி படிக்கிறவரே இல்லை. பேத்திக்காக எடுத்துப் போய், பேத்திக்கு முன்னால் முடித்துவிட்டார். முதல் பாகம் அவருக்குச் சுமார்தான். இரண்டாம் பாகம் திரும்பி வந்தபோது உள்ளே மடித்த ஒரு தாள். முன்பக்கத்தில் அச்சாகியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து முருய் ஆற்றை நீல பேனாவில் பெரிதாக வரைந்து, கப்பல் படை போகிற வழியில் அம்புகள், சண்டை நடந்த இடங்களில் பெருக்கல் குறி, ஓரத்தில் "அரிசி எங்கிருந்து?" என்று ஒரு கேள்வி. சில பக்கங்கள் தள்ளி விடை கிடைத்திருக்க வேண்டும், கேள்வியை ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தார். "என்னம்மா, முதல் புஸ்தகத்துல யாரு யாரை அடிக்கான்னுதான் இருக்கு. இதுலதான் யாரு என்ன சாப்பிட்டான்னு இருக்கு. போர்னா அதுதானே?" என்றார். அவருக்கு ஒரே ஒரு ஆட்சேபம், இருபது வயதுப் பிள்ளைகளைப் போர் ஆலோசனைக் கூட்டத்தில் உட்காரவைப்பது. தன் காலத்தில் டீ கொண்டு போகக்கூட விட மாட்டார்களாம்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இது ஆற்றுப் போர் நாவல். சீன வரலாற்றில் பெரிய போர்கள் பல தண்ணீரில் நடந்தவை, குவாங் அவற்றை நன்றாகப் படித்திருக்கிறார். கதையில் போயாங் ஏரியில் ஒரு பெரும் மோதல் வருகிறது. நிஜத்தில் 1363-ல் அதே பெயருள்ள ஏரியில்தான் சூ யுவான்சாங், சென் யூலியாங்கின் பெரிய கப்பல்களைத் தீப்படகுகள் விட்டு எரித்து வென்றார். ஐந்து ஆண்டுகளில் மிங் பேரரசைத் தொடங்கினார். அதேபோல் கதையில் வருகிற செம்பாறைகள், கி.பி. 208-ல் சாவ் சாவின் படை எரிந்த போரை நினைவூட்டுகின்றன. அந்தப் போரைத் தெரிந்த சீன வாசகர்களுக்குத் தீப்படகு என்றதும் ஒரு எதிர்பார்ப்பு வரும். ஆசிரியர் அந்த எதிர்பார்ப்பை வைத்தே விளையாடுகிறார். ஏரிச் சண்டையில் எதிர்ப்பக்கம் காற்றையே ஏவிவிடுகிறது. எத்தனை கணக்குப் போட்டு வகுத்த வியூகமாக இருந்தாலும், காற்று எதிரியின் சொல்லைக் கேட்டால் பாய்மரக் கப்பல் என்ன செய்யும்? அந்த அத்தியாயத்தை நான் மதியச் சாப்பாட்டை மறந்து படித்தேன்.

நெஜா ரசிகர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னை அடிக்க வந்துவிடுவார்கள். நெஜா, வைஸ்ராவின் மகன். கல்லூரியில் ரின்னுக்கு விரோதி, அப்புறம் தோழன், போரில் செத்துவிட்டான் என்று நினைத்தவன், இரண்டாம் பாகத்தில் முகத்தில் தழும்புகளோடு திரும்பி வருகிறான். புத்தகத்தின் முன்கதையே அவனுடைய சிறுவயதுச் சம்பவம்தான். தம்பியைக் கூட்டிக்கொண்டு, போகக் கூடாத ஒரு குகைக்குள் போகிறான். தாளில் இதயம் வரைந்திருப்பது எல்லாம் அவனுக்குத்தான். ரின்னும் அவனும் சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் தவம் கிடக்கிறது. மூன்றாம் பாகத்தில் என்ன ஆகிறது என்பதை மட்டும் காதில் சொல்லுங்கள் அக்கா என்று கெஞ்சிய பெண்ணும் உண்டு. சொல்லவில்லை. ஆனால் காதலுக்காக இந்தப் புத்தகத்தை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முத்தம் எதிர்பார்த்த இடத்தில் வேறொன்று வரும். வந்த பிறகு தாளில் வரைந்த இதயத்தைப் பேனாவால் குத்திக் கிழித்து வைத்திருக்கிறார் ஒருவர். என் தாள் போயிற்று.

ஹெஸ்பீரியர்களைப் பற்றிய பகுதியில் வாசகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். மேற்கிலிருந்து வருகிறவர்கள் இவர்கள். வைஸ்ராவுக்கு இவர்களுடைய துப்பாக்கியும் வானக் கப்பலும் வேண்டும். அவர்களுக்கோ முதலில் இந்த மக்கள் மனிதர்கள்தானா என்று பார்க்க வேண்டும். பெட்ரா என்ற துறவிப் பெண், ரின்னை நிறுத்திவைத்துத் தலையை அளக்கிறாள், உடம்பைச் சோதிக்கிறாள், குறித்துக்கொள்கிறாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. படுகொலைக் காட்சியைத் தாண்டி வந்தவர்கள்கூட இந்த இடத்தில் பல்லைக் கடித்ததாகச் சொன்னார்கள். மண்டை ஓட்டை அளந்து இனத்தின் தரத்தை முடிவு செய்கிற வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் விஞ்ஞானம் என்ற பெயரில் நிஜமாகவே நடந்தது. நம் நாட்டிலும் வெள்ளைக்கார அதிகாரிகள் சாதி வாரியாக மூக்கையும் தலையையும் அளந்து புத்தகம் போட்டிருக்கிறார்கள்.

அபினும் அப்படித்தான். பிரிட்டன் சீனாமேல் 1839-லும் 1856-லும் தொடுத்த போர்களுக்குப் பின்னால் இருந்த அபின், பெருமளவு பீகார், பனாரஸ் பக்கத்து வயல்களில் விளைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏகபோகமாக வாங்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. காஜிபூரில் அதற்கென்று கட்டிய தொழிற்சாலை இன்றும் மருந்துக்காக ஓடுகிறது. ரின் வளர்ந்த வீட்டில் விற்ற சரக்கின் நிஜ உலகப் பங்காளி நம் மண்ணிலும் இருந்திருக்கிறான். இதைச் சொன்னபோது நம்பாத பிள்ளைகளை அடுத்த அலமாரிக்குக் கூட்டிப்போய் வரலாற்றுப் புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். கூடுதல் வாடகை.

இருந்தாலும் ஹெஸ்பீரியர்களில் எனக்குக் குறை உண்டு. வைஸ்ராவை எழுதும்போது குவாங் காட்டுகிற நுணுக்கம் இவர்களிடம் இல்லை. வந்து நிற்கும்போதே கெட்டவர்கள், பேசும்போது இன்னும் கெட்டவர்கள். ஒரு இளம் பாதிரி கொஞ்சம் வேறு மாதிரி வருவானோ என்று பார்த்தேன், அவனும் சீக்கிரம் அதே வரிசையில் போய் நின்றுவிட்டான். நல்லது செய்வதாக மனதார நம்புகிற ஒரு மிஷனரி வந்திருந்தால் பயம் இரட்டிப்பாகியிருக்கும். எங்கள் ஊரில் மிஷனரிகள் கட்டிய பள்ளியில் படித்தவள் நான். அவர்களை ஒரே நிறத்தில் தீட்டினால் எனக்கு ஒப்பவில்லை.

தென்னாட்டு அகதிகள் பகுதி இதற்கு நேர்மாறு. வைஸ்ராவின் தலைநகரம் ஆர்லாங். தெற்கே ஊரை இழந்தவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள், மதிலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். உள்ளே விருந்து, வெளியே பசி. உள்ளே போகிற அனுமதி ரின்னுக்கு உண்டு, அவள் அவர்களுக்குப் பயன்படும் ஆயுதம். வெளியே நிற்பவர்கள் அவள் நிறம், அவள் பேச்சு. அதுவரை 'நாடு' என்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு 'என் ஆட்கள்' என்று ஒன்று இருப்பது அந்த மதில் ஓரத்தில்தான் உறைக்கிறது. கறுப்பாக இருப்பதற்காகக் கல்லூரியில் அவளைச் சீண்டியதெல்லாம் முதல் பாகத்தில் சொந்தச் சோகமாக இருந்தது. இங்கே அது அரசியலாகிறது. தாளில் ஒருவர் "கூழ் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். மறுநாள்தான் திறந்தேன்" என்று எழுதியிருந்தார். கையெழுத்து வயதானவருடையது. யாரென்று நான் கேட்கவில்லை.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி முன்வைத்தது. நிஜமாகச் செத்தவர்களின் சாவை எடுத்து, பெயரை மாற்றி, நடுவில் நெருப்புத் தெய்வத்தையும் போட்டு விற்பது சரியா? நான்ஜிங்கில் நடந்ததை வரலாறாக எழுதினால் போதாதா? முதல் பாகத்தைப் பொறுத்தவரை எனக்கும் இந்தச் சங்கடம் உண்டு. அந்த இருபத்தொன்றாம் அத்தியாயத்தில் வருகிற சம்பவங்கள் கற்பனை இல்லை, ஆவணங்களில் இருப்பவை. நான்ஜிங் பற்றி 1997-ல் நூல் எழுதி அந்தக் கொடுமையை ஆங்கில உலகத்தின் முன் வைத்தவர் ஐரிஸ் சாங். குவாங் முதல் பாகத்தை ஐரிஸுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். விற்பனைக்காகச் சேர்த்த காட்சி இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் தெய்வமும் மந்திரமும் உள்ள கதையில் அது வந்து உட்காரும்போது உறுத்துகிறது.

இரண்டாம் பாகத்தில் அந்த உறுத்தல் எனக்குக் குறைவு. காரணம், இதில் ரத்தம் குறைவு என்பது மட்டும் இல்லை. அந்தப் போர் முடிந்த பிறகு வெற்றி பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இதில் கதை. எதிரி போய்விட்டான், இனி நமக்குள்தான். ஜப்பான் 1945-ல் தோற்றதும் சீனாவில் அமைதி வரவில்லை. தேசியவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் 1949 வரை அடித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் மாகாணத்துக்கு மாகாணம் ஒரு போர்ப்பிரபு. குவாங் இந்த எல்லாக் காலங்களையும் குழைத்து ஒரே கதையாக்கியிருக்கிறார். ஆண்டு வாரியாகப் பொருத்திப் பார்க்க முடியாது, அதுவே நல்லது. ஆவணத்தை விட்டு நகர்ந்ததும் நாவலுக்கு மூச்சு வருகிறது.

இதில் ரத்தம் அதிகம் என்று அலுத்துக்கொண்ட ஒரு தமிழ் ஆசிரியையிடம் நான் வம்புக்குப் போனேன். ஆயிரம் யானைகளைக் கொன்றவனைப் பாடுவது பரணி, போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடுவதை வகுப்பில் சிரித்துக்கொண்டே நடத்துகிறோமே, இது என்ன பெரிய ரத்தம் என்று கேட்டேன். அவர் விடவில்லை. பரணியில் ஜெயித்தவன் ஒருவன் இருக்கிறான், இதில் யார் ஜெயித்தது என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்ல முடியாதபடிதான் குவாங் எழுதியிருக்கிறார்.

இனி என் குறைகள். பேச்சு நடை. அந்தக் காலத்து உடையில் நிற்பவர்கள் இந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரி விடுதியில் பேசுவதுபோல் திட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது உறுத்தவே இல்லை, எனக்கு ஒவ்வொரு தடவையும் கல் கடித்தது. கிட்டாய், ரின்னின் உயிர்த் தோழன், மூளைக்காரன். அவன் உத்தி விளக்குகிற பக்கங்கள் சில, போர்டில் எழுதிப் பாடம் நடத்துவதுபோல் நீள்கின்றன. ஆனால் அவனே ரின் எரித்த தீவைப் பற்றி அவளிடம் பேச மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடம், புத்தகத்தின் மனசாட்சி. எல்லோரும் அவளை ஆயுதமாகவோ அசிங்கமாகவோ பார்க்க, செத்தவர்களைக் கணக்கில் எடுப்பவன் அவன் ஒருவன்தான். நடுவே வடக்கே புல்வெளி மக்களிடம் போய்வருகிற பகுதி கதைக்கு அவசியம்தான், ஆனால் ஓட்டம் தளர்ந்துவிடுகிறது. பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விட்டிருக்கிறார்கள், அடையாளச் சீட்டு அந்தப் பக்கங்களில் மாட்டிக்கொண்டு திரும்பி வரும். அப்புறம் சிக்கே குழு. வெடிமருந்துப் பையன் ராம்சா, பாஜி, சுனி. வருகிற கொஞ்ச நேரத்தில் இருண்ட கதைக்குச் சிரிப்பைக் கொண்டுவருகிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் கடைசிப் பகுதி தாங்க முடியாததாக ஆகியிருக்கும், ஒருவேளை அதனால்தான் கொடுக்கவில்லையோ என்னவோ.

குட்ரீட்ஸ் தளத்தில் பார்த்தால் முதல் பாகத்தைவிட இதற்குச் சராசரி மதிப்பெண் கொஞ்சம் கூடுதல். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். முதல் பாகம் பிடிக்காதவர்கள் இரண்டாவதைத் தொடவே மாட்டார்கள், மதிப்பெண் போடுகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஜல்லடையில் தங்கியவர்கள். என் மேசையில் கேட்டவரை பாதிக்குப் பாதிதான். ஆனால் ஒரு வித்தியாசம் கவனித்தேன். முதல் பாகத்தைப் பாராட்டியவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்தைத் திட்டியவர்கள் பல மாதம் கழித்து வேறு புத்தகம் எடுக்க வரும்போதும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பொறியியல் மாணவன் உட்பட. பாதியில் விட்டவன் மீதியை யாரிடமோ கதையாகக் கேட்டுவிட்டு வந்து, "அவ கடைசில செஞ்சது சரிதானே ஆன்ட்டி?" என்று என்னிடம் வாதாடுகிறான்.

எடுக்க நினைப்பவர்களுக்கு நடைமுறை விவரம். முதல் பாகம் படிக்காமல் இதைத் தொடாதீர்கள், ஒன்றும் புரியாது, முன்கதைச் சுருக்கமும் கிடையாது. 600 பக்கங்களுக்கு மேல், எழுத்து பொடி, கண்ணாடி வேண்டும். முன்னால் வரைபடம் உண்டு, அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டே படியுங்கள். கேட்பவர்களுக்கு எமிலி வூ ஸெல்லர் வாசித்த ஒலிப்புத்தகம் இருக்கிறது. நாயகி இளவயதுப் பெண் என்பதால் பலர் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கதை என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. போதை, தற்கொலை எண்ணம், பாலியல் வன்முறை, சித்திரவதை எல்லாம் உண்டு. பிளஸ் டூ முடிக்காதவர்கள் கேட்டால் நான் கொடுப்பதில்லை, பெற்றோர் கூட வந்தாலும் முதலில் அவர்களை இருபத்தொன்றாம் அத்தியாயத்தை நின்றபடி படிக்கச் சொல்வேன். இதுவரை ஒருவரும் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை.

மூன்றாம் பாகம் ஒரே பிரதிதான் இருக்கிறது. இப்போது சுபேதாரிடம். வரிசையில் பெயர் கொடுத்திருப்பவர்கள் பொறுங்கள், அவர் வரைபடம் போடாமல் திருப்பித் தர மாட்டார்.